உம்மாவின் கால்மாட்டு மணல்

மோனே, ஸலாம்.

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. பேசிப் பதிவு செய்து அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். பாதியில் அழுதுவிடுகிறேன். அந்தச் சத்தமும் சேர்ந்து பதிவாகிவிடுகிறது. காலமெல்லாம் கடையில் உட்கார்ந்து பேசியே பிழைத்தவனுக்கு அது வெட்கமாக இருந்தது. எழுதினால் அடித்துத் திருத்தலாம், அதனால் எழுதுகிறேன். உனக்கு அனுப்புகிற இதையே கருங்கல் ஊரில் அச்சாகிற அந்தச் சின்னப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். ஏன் என்று கேட்பாய். உன்னை நான் நோகடித்தது ஊர் கூடிய இடத்தில். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது மட்டும் வீட்டுக்குள் நடந்தால் அது நியாயமான வியாபாரம் ஆகாது.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ ஷார்ஜாவுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஊர்க்கூட்டம் கூடியது. கடலோரத்தில் இருக்கிற நம் மையவாடியின் சுற்றுச்சுவர் அலையில் விழுந்துவிட்டது. மரித்தவர்களை அடக்கியிருக்கிற அந்த நிலத்தைக் காப்பாற்ற முன்னால் கல் போட வேண்டும் என்று எல்லாரும் சொன்னோம். நீ ஒருத்தன் மட்டும் எழுந்து, அங்கே கல் வேண்டாம், ஆமை முட்டையிட மிஞ்சியிருப்பது அந்த மணல் ஒன்றுதான், கடலோரத்துக் கபர்களைப் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள மேட்டுக்கு மாற்றிவிடலாம் என்று சொன்னாய். அந்தக் கபர்களில் ஒன்று உன் உம்மாவுடையது. நான் எல்லார் முன்னாலும் உன்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டேன். அது என்ன வார்த்தை என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே எழுதினால் மீதியை எழுத முடியாது.

கல் வேண்டும் என்று ஆதியில் கேட்டவர்களில் நானும் ஒருவன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனி ஆடியில் கடல் கேறி வந்து நம் தெற்கு வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகத் தின்றதை நீயும் பார்த்தாய். அடுக்களையில் பானை மிதந்தது. பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை வேலியில் காயப்போட்டார்கள். தூரத்தில் மேட்டு நிலத்தில் வீடு வைத்துக்கொண்டு, கடற்கரையை இயற்கையாக விட்டுவிட வேண்டும் என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் ஒரு ஆடி மாசம் இங்கே வந்து கிடந்து பார்க்கட்டும். சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தேன், மனு கொடுத்தேன், கல் வந்தது, வீடுகள் நின்றன. ஆனால் சரக்கு வந்து இறங்கிய பிறகும் அதன்மேல் ஒரு கண் வைத்திருப்பது வியாபாரியின் புத்தி. கல் போட்ட இடத்தில் கடல் நின்றது. கல் முடிகிற இடத்தில் முன்னைவிட ஆழமாகக் கடித்தது. அங்கே கல் போட்டால் அதற்கு அடுத்த இடத்தைக் கடித்தது. கல் நீள நீள, கல்லுக்கு முன்னால் இருந்த மணலும் கரைந்தது. கரையில் நின்று கரைமடி வலை இழுக்கிற நம் சூசை ஒருநாள் கடையில் வந்து, "மொதலாளி, ஒங்களுக்கு வீடு இருக்கு, அதுக்கு அப்பால கடலும் இருக்கு. நடுவுல நான் காலூணி நிண்ணு மடி இழுக்க எடம் எங்க?" என்று கேட்டான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கடைசியில் கரை முழுக்கக் கல்லாகி, மையவாடிக்கு முன்னால் மட்டும், சில வள்ளங்களைச் சேர்த்து ஏற்றி வைக்கிற அகலத்தில் மணல் மிஞ்சியது.

உனக்கு ஆமைப் பைத்தியம் பிடித்தது என்று ஊர் சொன்னபோதெல்லாம் நான் சும்மா இருந்தேன். அதைத் தொடங்கிவைத்தது உன் உம்மா என்று யாருக்கும் சொன்னதில்லை. தலைச்சுமையாகப் பழைய கயிறு விற்று, பிறகு வலையும் மிதவையும் விற்கிற கடையாக்கியவன் நான். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு ஆமை உயிரோடு கரையொதுங்கியது. துடுப்புக் காலில் நைலான் வலைத்துண்டு இறுகிச் சதைக்குள் போயிருந்தது. நீ ஓடிப்போய் உம்மாவைக் கூட்டிவந்தாய். அவள் மீன் அரிகிற கத்தியை எடுத்துவந்து, பைய அறுத்து, அதைக் கடலில் விட்டுவிட்டு, அந்த வலைத்துண்டைக் கழுவிக் கொண்டுவந்து கடையில் என் மேசைமேல் போட்டாள். பச்சைக்குள் மஞ்சள் இழை ஓடுகிற நூல்.

"இது ஆருக்க சரக்கு?" என்றாள்.

"நம்மடதுதான். அதுக்கு? வித்த வலைக்க பொறத்தால நான் கடலுக்குப் போவணுமா?"

"நீங்க கடலுக்குப் போவாண்டாம், போனா திரும்பி வரவும் மாட்டிய. கிழிஞ்சத திரும்ப வாங்குங்கோ. புதுசு எடுக்க வாறவன் பழசக் கொண்டுவந்தா வெலயில கொஞ்சம் கொறச்சுக் குடுங்கோ. இல்லாட்டா அவன் அத கடல்லதான் போடுவான்."

"நட்டம் வரும், பிள்ளே."

"வரட்டு. எனக்கு ஒரு வளையல் கொறையும், அவ்வளவுதானே."

நீ சாக்கு மறைவில் நின்று சிரித்தாய். நான் மனமில்லாமல்தான் ஒப்புக்கொண்டேன். பழைய வலை கொடுக்க வருகிறவன் புது வலையை அடுத்த கடையில் போய் எடுக்க மாட்டான் என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. நட்டமும் வரவில்லை, வளையலும் குறையவில்லை. அதை ஒருநாள்கூட அவளிடம் நான் ஒப்புக்கொண்டதில்லை. அவள் கேட்கவும் இல்லை. இதைப் படிக்கிற வலைக்கடைக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்கிறேன்: பழைய வலையைத் திரும்ப வாங்குங்கள். புண்ணியத்துக்காகச் செய்ய மனம் வரவில்லை என்றால் வியாபாரத்துக்காகவாவது செய்யுங்கள். ஆமைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு மாசி பங்குனி வந்தால் அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் நீ மணலுக்கு ஓடுவாய். டிராக்டர் சக்கரம் போனதுபோல் தடம் கிடக்கும். அந்தத் தடத்தின்மேல் யாரும் மிதிக்காமல் காவல் நின்றுகொண்டு வனத்துறை ஆட்களுக்குப் போன் செய்வாய். அவர்கள் வந்து முட்டைகளை எடுத்து வேலி கட்டிய இடத்தில் புதைக்கிறவரைக்கும் நாய் விரட்டுவாய். ஒரு வருஷம் வேலிக்கு வெளியே யாரும் பார்க்காத குழி ஒன்று பொரிந்து, குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் நம் கடைப் பலகை விளக்கைப் பார்த்து வந்து சாக்கடையில் விழுந்து கிடந்தன. உம்மா போய் விளக்கை அணைத்தாள். "பலகை வெளிச்சத்த பாத்து ராத்திரி வலை வாங்க ஆரு வாறா? மீனா வரும்?" என்று மட்டும் கேட்டாள். அந்த விளக்கு அந்த மாசங்களில் பிறகு எரிந்ததில்லை. கடலோரத்தில் வீடும் கடையும் விடுதியும் வைத்திருப்பவர்கள் இதைச் செய்தால் போதும், பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. கடலைப் பார்த்த விளக்கை அணையுங்கள், முடியாவிட்டால் திரையாவது போடுங்கள். மீன் கழிவை மணலில் கொட்டாதீர்கள், அதைத் தின்ன வருகிற நாய்தான் முட்டையையும் தோண்டுகிறது. மணலில் பைக் ஓட்டாதீர்கள். ஆமையைக் கண்டால் போன் வெளிச்சத்தை அதன் முகத்தில் அடிக்காதீர்கள். முட்டையை நீங்களாக எடுக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். நீ இதையெல்லாம் பள்ளிக்கூடங்களில் போய்ச் சொன்னாய். கடைக்கு வருகிறவர்களிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. நான் சொல்லியிருந்தால் அவர்கள் கேட்டிருப்பார்கள், நான் அவர்களுக்கு வலை கொடுக்கிறவன்.

பிறகு உம்மா நோயில் விழுந்தாள், போய்விட்டாள். அதைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. மையவாடியில் உள்பக்கம் இடமில்லாமல் கடலோரத்தில் குழி வெட்டினார்கள். அன்றைக்கு அந்தக் குழிக்கும் கடலுக்கும் நடுவில் தென்னை நின்றது, அதற்கு அப்பால் மணல் அகலமாகக் கிடந்தது. குழிக்குள் இறங்கி நின்று அவளைக் கையில் வாங்கியவன் நீ. நான் மேலே நின்றேன். எனக்கு முட்டி மடங்கவில்லை. எல்லாரும் மூன்று பிடி மண் போட்டோம். மேலே ஏறி வந்த நீ மூன்றோடு நிறுத்தவில்லை. பள்ளிவாசல் உஸ்தாது வந்து தோளைத் தொடுகிறவரை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாய், திறந்திருக்கிற எதையோ சீக்கிரம் மூடிவிட வேண்டும் என்பதுபோல. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கல் நட்டோம். இப்போது அந்தத் தென்னைகள் இல்லை. கால்மாட்டுக் கல்லிலிருந்து இறங்கினால் மணல், மணல் தாண்டினால் அலை.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். நீ பேச எழுந்ததுமே பின்னாலிருந்து யாரோ, "ஆமைக்கும் ஓட்டு உண்டாடே?" என்று கேட்டார்கள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை நீ பார்த்தாய். நீ கோபப்படவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாய். "வாப்பா, கல்லு போட்டா மணலு போவும். மணலு போனா ஒருநாள் கல்லும் தாந்துபோவும். அப்பம் உம்மாவ எங்க தேடுவிய? இப்பமே எடுத்து மேட்டுல வச்சா நமக்கும் நல்லது, அந்த சீவனுக்கும் நல்லது." நீ சொன்னதில் குற்றம் இல்லை. ஆனால் 'எடுத்து' என்ற இடத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அவளைத் தோண்டி எடுப்பதைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் தெரியவில்லை. "ஒனக்கு ஆமைதான் உம்மாவா?" என்றேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நீ தொப்பியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாய். கல் போடுவது என்று முடிவானது. நீ ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட அன்று நான் கிடங்கில் கயிறு எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ண அங்கே ஒன்றும் இல்லை. வண்டி கிளம்பிப் போன சத்தம் கேட்டபிறகுதான் வெளியே வந்தேன்.

மையவாடி வாசலில் முதல் லாரிக் கல் வந்து இறங்கியது. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சிதறால் கோயில் மலையைப் பார்க்கப் போனோமே, அந்தப் பயணத்தில் வழியில் ஒரு பாறைக்குன்றைக் காட்டி, அதன் உச்சியில் மயில் நிற்கிறது என்று நீ வண்டியை நிறுத்தச் சொன்னாய். நான் நிறுத்தவில்லை, கடை திறக்க நேரமாகிவிட்டது என்றேன். இந்தக் கல் அந்தக் குன்றிலிருந்து வந்ததா, வேறு குன்றிலிருந்தா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கல்லின் வெடிப்பில் ஆலஞ்செடியின் வேர் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றின் இடுக்கில் முள்ளம்பன்றியின் முள் ஒன்று சொருகிக் கிடந்தது. அதை உருவிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஒரு கரையைக் காப்பாற்ற ஒரு மலை போகிறது. அந்த மலையில் இருந்தவற்றுக்காக மனு கொடுக்க யாரும் போயிருக்க மாட்டார்கள். கேட்டு வருகிற ஆள் இல்லாத சரக்கை எந்தக் கடையிலும் வைக்க மாட்டார்கள், மோனே. கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்காத ஒன்றுக்குத் திட்டத்தில் இடம் இருக்காது. அன்றைக்கு நீ கேட்டாய். கேட்க வந்த ஒருத்தனையும் நான் கடையை விட்டு விரட்டினேன்.

அடுத்த லாரி வருவதற்குள் அது வந்தது. சுபுஹு முடித்து, வழக்கம்போல உம்மாவுக்கு ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு வரலாம் என்று போனேன். வெளுத்துக்கொண்டு வந்தது. மையவாடி எல்லையில் பழைய கல்வரிசை முடிகிற இடத்தில் காகங்கள் கூடியிருந்தன. நம் மணலை ஒரு வள்ளத்து அகலத்தில் தவறவிட்டு, ஒரு ஆமை கல்லில் ஏறியிருந்தது. இரண்டு கல்லுக்கு நடுவில் உடம்பு இறுகி, மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் கிடந்தது. அது முட்டையிட்டுக்கொண்டிருந்தது. மணலுக்காக எவ்வளவு நேரம் அடக்கிப் பார்த்ததோ தெரியாது. வெள்ளை வெள்ளையாகக் கல்லில் விழுந்து, உருண்டு, இடுக்குக்குள் போய்க்கொண்டிருந்தன. நான் சத்தம் போட்டேன். மடி இழுக்க வந்திருந்த சூசையும் ஆட்களும் ஓடிவந்தார்கள். "மொதலாளி, காக்காய ஓட்டும்! கையக் கால விடாதேயும், கடிச்சுப்போடும்," என்று கத்திக்கொண்டே அவன் கயிற்றை அதன் அடியில் கொடுத்தான். நம் கடைக் கயிறு. நான் தோளில் கிடந்த துண்டை வீசிக் காகம் விரட்டினேன். அப்போது அது செய்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். முட்டை முடிந்ததும் அது பின்கால்கள் இரண்டையும் அசைக்க ஆரம்பித்தது. இடது, வலது, மறுபடி இடது. "என்ன செய்யுவு அது, வலிப்பா?" என்று கேட்டேன். சூசை கயிற்றை விட்டுவிட்டான். "மூடுவு, மொதலாளி," என்றான். "மண்ணு அள்ளிப் போட்டு மூடுவு. அதுக்க பழக்கம்." அங்கே மண் இல்லை. வெறும் கல்லைக் கால் தேயத் தேயத் தள்ளிக்கொண்டிருந்தது. தோலுரிந்து கல்லில் ரத்தம் பட்டது. அது நிறுத்தவில்லை.

எனக்கு அந்தக் கைகளைத் தெரியும், மோனே. குழிக்கு மேலே நின்று நீ மூன்று பிடியில் நிற்காமல் அள்ளிக்கொண்டே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தோளைத் தொட்டு நிறுத்த உனக்கு ஒரு உஸ்தாது இருந்தார்.

சூசையும் ஆட்களும் கல்லை நெம்பி அதை எடுத்து மணல் வழியாகக் கொண்டுபோய் அலையில் விட்டார்கள். போய்விட்டது. பிழைத்ததா என்று தெரியாது. வனத்துறை ஆட்கள் வந்து, கை எட்டின முட்டைகளை எடுத்தார்கள். உடைந்ததுதான் அதிகம், மற்றது பொரிக்கும் என்று நம்பிக்கையில்லை என்றார்கள். கை எட்டாதவை இடுக்கிலேயே கிடக்கின்றன. நான் கால்மாட்டு மீசான் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நீ கூட்டத்தில் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று விட்டுவிட்டாய். அவள், "இது ஆருக்க சரக்கு?" என்றுதான் கேட்டிருப்பாள்.

அன்றைக்கே உஸ்தாதிடம் போனேன். தண்ணீர் கேறுகிற இடத்திலிருந்து கபரை மாற்றுவதற்கு அனுமதி உண்டு, வாரிசுகள் சம்மதிக்க வேண்டும் என்றார். "இத்தன நாளா நீருதானே தடுத்தீரு, வே?" என்று கேட்டார். "நான்தான்," என்றேன். அந்த வரிசையில் மற்ற கபர்களுக்கு உரிய வீடுகளுக்கெல்லாம் நடந்துபோய்ப் பேசினேன். நான் பேரம் பேசத் தெரிந்தவன். ஆனால் அந்த வாசல்களில் பேரம் பேசவில்லை, ஆமை செய்ததைச் சொன்னேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மறுநாள் அவர்களே வந்து சரி என்றார்கள். சூசையின் ஆட்கள் வள்ளம் ஏற்ற அந்த மணல் வேண்டும் என்று தனியாக எழுதிக் கொடுத்தார்கள். மனிதனுக்கும் ஆமைக்கும் அந்த மணல் ஒரே வாசலாக இருந்தால் போதும் என்று கேட்டிருக்கிறோம். ஊர் ஜமாஅத் சம்மதித்துவிட்டது. லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

இதனால் எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத மாட்டேன். உனக்கு நான் பொய்ச் சரக்கு விற்றதில்லை. இரண்டு பக்கமும் கல் இருக்கையில் நடுவில் உள்ள மணல் எத்தனை ஆடி தாங்கும் என்று தெரியாது. மணலை விட்டுவைத்தாலும் கடல் வருவது தாமதமாகும், நிற்காது என்று நீயே முன்னொருநாள் சொன்னாய். ஆமை திரும்பவும் இங்கே வருமா என்பதும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக உன் உம்மாவின் தூக்கத்தைக் கலைக்கப்போகிறேன் என்று நினைக்கும்போது சோறு இறங்கவில்லை. அந்தக் குழியில் இப்போது என்ன மிஞ்சியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்கு எது வாங்கினாலும் 'இது எதுக்கு, நட்டம்' என்பாள். கடல் பார்த்த இடத்தை மட்டும் அவள் வேண்டாம் என்று சொல்லமாட்டாள் என்று நினைத்துத்தான் அவளை அங்கே வைக்கச் சம்மதித்தேன். அதையும் இப்போது திரும்ப எடுக்கிறேன்.

மற்ற வீட்டார் அவர்கள் காரியத்தை முடித்துவிட்டார்கள். அந்த ஓரத்தில் உம்மா மட்டும்தான் இருக்கிறாள். உஸ்தாது தினமும் கேட்கிறார். ஆட்கள் இருக்கிறார்கள், உன் மாமா பிள்ளைகள் இறங்குகிறோம் என்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் தடவை அவளைக் கையில் வாங்கியவன் நீ. மறுபடியும் நீதான் வாங்க வேண்டும். என் முட்டி இப்போதும் மடங்காது. நான் மேலேதான் நிற்பேன். மேட்டில் குழிக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து கடல் தெரியாது, சத்தம் கேட்கும்.

அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ஊர் முன்னால் எழுதியாயிற்று. நீ என்னோடு பேச வேண்டும் என்றில்லை. ஆனியில் கடல் கேறுவதற்கு முன்னால் வந்துவிடு. மூன்று பிடியோடு உன்னை யாரும் நிறுத்தாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாப்பா